திரூர் நெல்லும் ஒரு பாக்டீரியாவின் போலிச் சீட்டும்



பயிர் நோய் பற்றிப் பேச வேண்டும், ஆனால் வகுப்பறைப் பாடமாக இருக்கக் கூடாது என்று என்னை அழைத்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் ஒரே ஒரு நோயைப் பிடித்துக்கொள்கிறேன். நெல்லில் வரும் பாக்டீரியா இலைக்கருகல். சம்பாப் பட்டத்தில் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் தலைகாட்டும் நோய் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த நோயை எதிர்க்கும் மரபணுக்களில் உலகம் மிக அதிகமாகப் பயன்படுத்திய ஒன்று, நாம் உட்கார்ந்திருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்து நெல்லில் இருந்தது. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1942-இல் தொடங்கியது; இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. டி.கே.எம். 9, டி.கே.எம். 13 என்று நீங்கள் விதை வாங்குகிறீர்களே, அந்த டி.கே.எம். திரூர்க்குப்பம். அந்த வரிசையில் ஆறாவது ரகம் 1952-இல் வந்தது. ஜி.இ.பி. 24, கோ 18 என்ற இரண்டையும் ஒட்டுச் சேர்த்து எடுத்தது. ஜி.இ.பி. 24 என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும், கிச்சிலிச் சம்பா. டி.கே.எம். 6-இன் அரிசி சன்னம். தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும். அந்தத் தாங்கும் குணத்துக்காகத்தான் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதைத் தேடி எடுத்தது. 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 விளைச்சலைக் கொட்டியது. ஆனால் பூச்சியும் நோயும் அதைவிட வேகமாகக் கொட்டின. 1969-இல் வந்த ஐ.ஆர். 20-க்கு டி.கே.எம். 6 ஒரு பெற்றோர். 1973-இல் வந்த ஐ.ஆர். 26-க்கும் அப்படியே. எழுபதுகளில் தமிழ்நாட்டில் சம்பா என்றாலே ஐ.ஆர். இருபது என்று இருந்த காலத்தை இங்கே சில பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

பூச்சிக்காக எடுத்த நெல்லோடு கேட்காத இன்னொன்றும் கூடவே போயிற்று. 1977-இல் பிலிப்பைன்ஸில் நடந்த மரபியல் ஆய்வுகளில் டி.கே.எம். 6, ஐ.ஆர். 20, ஐ.ஆர். 22 முதலிய ரகங்களில் இலைக்கருகலை எதிர்க்கும் ஒரே மரபணு இருப்பது தெரிந்தது. அதற்கு எக்ஸ்ஏ4 என்று பெயரிட்டார்கள். பிறகு ஆசிய நாடுகளில் கோடிக்கணக்கான ஏக்கரில் பயிரான ஐ.ஆர். 64 வரை அது பரவியது. திரூர் வயலில் இருந்தவர்கள் அதை நோக்கி இனப்பெருக்கம் செய்யவே இல்லை. எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது, ஆனால் அதை இப்போது சொல்லப்போவதில்லை; முதலில் நோயைப் பார்ப்போம்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெல் இலை நுனியில் காய்ந்தால் யாரும் முதலில் ஆலையின் புகைக்கூண்டைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், தவறில்லை. பழவேற்காட்டை ஒட்டிய வயல் என்றால் உவர் என்பார்கள். அதுவும் நியாயம். ஆனால் இலைக்கருகலுக்கு ஓர் அடையாளம் உண்டு. நுனியிலோ ஓரத்திலோ நீர் தோய்ந்தது போல ஆரம்பித்து, ஓரத்தை ஒட்டி அலை அலையாகக் கீழே இறங்கும். மஞ்சளாகி, வைக்கோல் நிறமாகும். விடியற்காலையில் பார்த்தால் அந்தக் கோட்டின் மேல் பால் கலந்த மஞ்சள் நிறத்தில் கடுகைவிடச் சிறிய துளிகள் நிற்கும். வெயில் ஏறினால் காய்ந்து மஞ்சள் பொருக்காகும். அந்தத் துளி முழுக்கப் பாக்டீரியா. இன்னும் சந்தேகம் என்றால் சமையலறைக் கண்ணாடி டம்ளர் போதும். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டு வாய் தண்ணீரில் படும்படி நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து புகை இழை போல ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். புகையாலோ உவராலோ காய்ந்த இலையில் இது வராது. மாணவர்கள் செய்து பார்க்க இதைவிட மலிவான ஆய்வு இல்லை.

இந்த நோயை ஜப்பானில் 1880-களிலேயே கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் 1951-இல் மகாராஷ்டிரத்தில் தென்பட்டது. 1963-இல் பீகாரில் பெரிய அளவில் பரவியபோதுதான் நாடு கவனித்தது. அதன் பின் தைவானிலிருந்து வந்த டி.என். 1 என்ற குட்டை ரகமும் யூரியா மூட்டையும் சேர்ந்து வந்தபோது நோய்க்கு விருந்து வைத்தது போலாயிற்று.

நோயைக் கொண்டு வரும் பாக்டீரியாவின் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. நீளம் ஒன்றிரண்டு மைக்ரான். விடியலில் நாற்றங்கால் ஓரமாக நடந்தால் நெல் இலை நுனியில் நீர்த்துளி நிற்கும். அது எல்லாமே பனி இல்லை. மீதி, வேர் இழுத்த தண்ணீரை இலையே ஓரத்து நுண்துளைகள் வழியாக வெளியே விட்டது. பாக்டீரியா அந்தத் துளைகளுக்குள் நீந்திப் போகிறது. நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தக் கிள்ளல் அதற்கு நேர்வழி. உள்ளே போனதும் நீர் ஓடும் குழாய்களில் குடியேறுகிறது.

குழாயில் தண்ணீர் இருக்கிறது. சாப்பாடு அதிகம் இல்லை. சர்க்கரையெல்லாம் பக்கத்துச் செல்களுக்குள் இருக்கிறது. அதை எடுக்க பாக்டீரியா முதலில் செல் சுவரைக் கரைக்கும் நொதிகளை வெளியே விடுகிறது. சைலனேஸ், செல்லுலேஸ் போன்றவை. இங்கேதான் சிக்கல். சுவர் கரையும்போது விழும் துண்டுகளை நெல் உணர்ந்துகொள்கிறது. சுவருக்கு உள்ளே எதிர்ப்பைத் தொடங்கிவிடுகிறது. பாக்டீரியாவின் நீந்தும் வால் எந்தப் புரதத்தால் ஆனதோ, அந்தப் புரதத்தின் 22 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டு போதும், பல தாவரங்கள் விழித்துக்கொள்ளும். 2000-இல் சுவிட்சர்லாந்தில் தாமஸ் போலர் குழு இந்தத் துண்டை உணரும் ஏற்பியைத் தாவரத்தில் கண்டது. விழித்த செல் தன் சுவரைக் கெட்டியாக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிர ஆக்சிஜன் பொருள்களை வெளியே விடும், நுண்ணுயிரிக்கு எதிரான பொருள்களைச் சுரக்கும். ஆக, சாப்பிடக் கை நீட்டுவதாலேயே பாக்டீரியா தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்கிறது.

அதற்கு அது வைத்திருக்கும் பதில்தான் இன்றைய பேச்சின் நடு. அது இன்னொரு தொகுதிப் புரதங்களைச் சுரக்கிறது. அவை வெளியே போவதில்லை. மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்று ஒன்று இருக்கிறது; பாக்டீரியாவின் மேல்பரப்பிலிருந்து நீளும், உள்ளே துளையுள்ள ஒரு மெல்லிய இழை. தாவரச் செல் சுவரைத் தாண்ட வேண்டும் என்பதால் விலங்கு நோய்க் கிருமிகளிடம் இருப்பதைவிட இது நீளம். அந்த இழை வழியாக இந்தப் புரதங்களை நேரே நெல் செல்லுக்குள் செலுத்திவிடுகிறது. இவற்றை எஃபெக்டர் என்கிறோம். ஹைதராபாத்தில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், சி.சி.எம்.பி.யில், ரமேஷ் சோண்டி குழு இதை நெல்லிலேயே பொறுமையாகப் பிரித்துப் பார்த்தது. நொதி தூண்டும் எதிர்ப்பை மூன்றாம் வகை அமைப்பு அடக்குகிறது என்று 2007-இல் காட்டினார்கள். 2013-இல் எக்ஸ்ஓபி-என், கியூ, எக்ஸ், இசட் என்ற நான்கு எஃபெக்டர்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்று பெயர் சொல்லிக் காட்டினார்கள். சுவரை உடைக்க ஒரு படை. உடைத்த சத்தம் வெளியே கேட்காமல் அடக்க இன்னொரு படை. நமது நாட்டு ஆய்வுக்கூடத்தில், நமது நாட்டு நோயில் கண்டது என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

எதிர்ப்பை அடக்குவது பாதி வேலை. மீதிப் பாதி சாப்பாடு. அதற்கு அது அனுப்புவது இன்னொரு வகை எஃபெக்டர். டால் எஃபெக்டர் என்று பெயர். இது செல்லின் உட்கருவுக்குள் போய், நெல்லின் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் டி.என்.ஏ. வரிசையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடி உட்கார்ந்து, அந்த மரபணுவை இயக்கிவிடுகிறது. எப்படித் தேடுகிறது? இந்தப் புரதத்தின் நடுவில் 34 அமினோ அமிலம் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு துண்டிலும் 12, 13-ஆம் இடங்களில் இருக்கும் இரண்டு அமிலங்கள் மட்டும் மாறும். அந்த இரண்டும் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைப் படிக்கும். அடுத்த துண்டு அடுத்த எழுத்தை. 2009-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாஸ்கூ, போக்டனோவ் இருவரும் ஒரே சமயத்தில் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதாவது பாக்டீரியா வைத்திருக்கும் புரதத்தைப் படித்தாலே, அது நெல்லின் எந்த வாசகத்தைத் தேடும் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். என் தொழிலில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அது தேடுவது எதை? பெரும்பாலும் ஸ்வீட் என்ற குடும்பத்து மரபணுக்களை. பெயரே சொல்கிறது, செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையை வெளியே விடும் புரதங்கள். நெல்லில் இருபத்தொன்று இருக்கின்றன. இலைக்கருகல் பாக்டீரியாவின் எல்லா வகைகளும் சேர்ந்து குறிவைப்பது அதில் மூன்றையே: 11, 13, 14. ஸ்வீட்11-ஐ இயக்குவது பிடிஎச்எக்ஸ்ஓ1 என்ற டால் எஃபெக்டர் என்று 2006-இல் தெரிந்தது. அப்போது இந்த மரபணு சர்க்கரையை விடுகிறது என்பதே தெரியாது. 2010-இல் வேறொரு குழு அதைக் கண்டது. இயங்கியவுடன் செல் சர்க்கரையை வெளியே விடுகிறது, பாக்டீரியா பெருகுகிறது.

ஷிப்டு முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் சிப்காட் தொழிற்பேட்டை நண்பர்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். யாரோ மேனேஜர் கையெழுத்தோடு போலி இண்டெண்ட் சீட்டு அடித்து ஸ்டோர்ஸில் நீட்டுகிறான்; ஸ்டோர் கீப்பர் சட்டப்படி சரக்கை எடுத்துக் கொடுக்கிறார். கதவை யாரும் உடைக்கவில்லை. ஸ்டோர் கீப்பர் மோசமானவர் இல்லை. அவருடைய நடைமுறையே அவருக்கு எதிராக வேலை செய்கிறது.

இந்தச் சீட்டைத் திருப்பி அனுப்பக் கற்றுக்கொண்ட நெற்கள் உண்டு. பி.ஜே. 1 என்ற இந்திய நெல்லில் எக்ஸ்ஏ13 என்ற மரபணு இருக்கிறது. அது வேறெதுவும் இல்லை, ஸ்வீட்11-தான். பாக்டீரியா தேடும் எழுத்து வரிசை மட்டும் மாறியிருக்கிறது. சீட்டில் இருக்கும் ஐட்டம் நம்பர் எங்கும் பொருந்தவில்லை. சரக்கு வெளியே போகவில்லை. அப்படியானால் ஸ்வீட்11-ஐயே அழித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். முடியாது. அது இல்லாவிட்டால் மகரந்தம் சரியாக வளராது, கதிர் பதராகும். பாக்டீரியா எதைப் பிடித்திருக்கிறது பாருங்கள்: நெல் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்றை. வங்காளப் பகுதி நெற்களில் எக்ஸ்ஏ5 என்று இன்னொன்று. மரபணுக்களை இயக்க நெல் பயன்படுத்தும் ஒரு பொதுப் புரதத்தில் 39-ஆம் இடத்தில் வேலினுக்குப் பதில் குளுட்டமேட்; அவ்வளவுதான். நெல்லின் சொந்த வேலை நடக்கிறது. டால் எஃபெக்டரின் வேலை தடுமாறுகிறது. இந்த இரண்டிலும் பயிர் முன்னைவிட பலசாலி ஆகவில்லை. கிருமியின் வேலைக்குத் தேவையான ஒரு பொருத்தம் கெட்டுப்போயிருக்கிறது, அவ்வளவே. நோய் எதிர்ப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வது பல சமயம் இப்படிப்பட்ட சிறு பொருத்தமின்மைதான்.

இதற்கு நேர் எதிரான தந்திரமும் உண்டு. எக்ஸ்ஏ27 என்ற மரபணு ஒரைசா மினூட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து வந்தது. நோய் தாக்கும் நெல்லிலும் தாக்காத நெல்லிலும் அதன் புரதம் ஒன்றே. எதிர்க்கும் நெல்லில் மட்டும் அதன் முன்னால் பாக்டீரியாவின் டால் எஃபெக்டர் வந்து உட்கார்வதற்கென்றே வாசகம் இருக்கிறது. பாக்டீரியா வந்து உட்கார்ந்து இயக்கினால் எதிர்ப்பு தொடங்கிவிடும். கிருமியின் கையாலேயே கிருமிக்குப் பொறி.

இப்போது நம் வயலுக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் பாபட்லா என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பி.பி.டி. 5204, சம்பா மசூரி. ஆந்திரத்துப் பாபட்லாவில் 1986-இல் வெளியிட்டது. அதன் பரம்பரையிலும் நம் ஜி.இ.பி. 24 இருக்கிறது, டி.கே.எம். 6-க்கு ஒரு வகையில் உறவு. விலை கிடைக்கும், சோறு நன்றாயிருக்கும். இலைக்கருகல் என்றால் உடனே படுத்துவிடும். ஹைதராபாத்தில் அன்று நெல் ஆராய்ச்சி இயக்ககம் என்றிருந்த இன்றைய இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சி.சி.எம்.பி.யும் சேர்ந்து, சம்பா மசூரியோடு மீண்டும் மீண்டும் பின்கலப்புச் செய்து, டி.என்.ஏ. அடையாளங்களை வைத்துத் தேர்ந்தெடுத்து, மூன்று மரபணுக்களை அதற்குள் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21. மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற பெயரில் 2008-இல் அறிவிக்கப்பட்டது. இதில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை, ஒட்டுச் சேர்ப்பு மட்டுமே. இதை ஏன் திரும்பச் சொல்கிறேன் என்றால், கூட்டங்களில் இந்தச் சந்தேகம் தவறாமல் எழும்.

எக்ஸ்ஏ21-இன் கதை தனி. அது ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றில் இருந்தது. அந்தச் செடி இந்தியாவில் சோதித்த இலைக்கருகல் வகைகளையெல்லாம் தாங்குகிறது என்று 1977-இல் கண்டவர் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த தேவதத். குர்தேவ் குஷ் பிலிப்பைன்ஸில் பத்தாண்டுக்கும் மேல் உழைத்து அதைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்தார். 1995-இல் கலிஃபோர்னியாவில் பமேலா ரொனால்டு குழு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. செல்லின் மேல்பரப்பில் நின்று பாக்டீரியாவின் ஏதோ ஒன்றை உணரும் ஏற்பி என்று தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று எது என்று 2009-இல் ஒரு புரதத்தைச் சொன்னார்கள். பிறகு தங்கள் ஆய்வகத்திலேயே பாக்டீரியா வகைகள் மாறிப்போயிருந்ததைக் கண்டு 2013-இல் அந்தக் கட்டுரையைத் தாமே திரும்பப் பெற்றார்கள். 2015-இல் உண்மையானதைக் கண்டார்கள். ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு புரதம். இதுவும் பாக்டீரியா வெளியே சுரப்பதுதான். ஆய்வு மாணவர்கள் இந்த ஆறு ஆண்டுக் கதையைத் தேடிப் படிக்க வேண்டும். வெளியிட்டதைத் திரும்பப் பெறுவது அவமானம் என்று நம் பல்கலைக்கழகங்களில் யாரும் சொல்லித்தரக் கூடாது.

மூன்று மரபணு ஏன்? ஒன்று போதாதா? இதற்குப் பதில் நம் திரூர் மரபணுவின் அனுபவத்தில் இருக்கிறது. எக்ஸ்ஏ4 கொண்ட ஐ.ஆர். ரகங்கள் பிலிப்பைன்ஸ் முழுக்க ஒரே சீராகப் பரவின. சில ஆண்டுகளில் அந்த மரபணுவைக் கண்டுகொள்ளாத பாக்டீரியா வகை அங்கே பெரும்பான்மை ஆனது. ரகத்தை மாற்ற மாற்ற, கிருமியின் கூட்டமும் மாறியது. இந்தியாவிலும் பல இடங்களில் எடுக்கும் பாக்டீரியாவுக்கு எக்ஸ்ஏ4 தனியாக ஈடு கொடுப்பதில்லை. எக்ஸ்ஏ13 இருக்கும் நெல்லில் ஸ்வீட்11 கிடைக்காவிட்டால், 13-ஐயோ 14-ஐயோ இயக்கும் டால் எஃபெக்டர் வைத்திருக்கும் பாக்டீரியா பிழைத்துக்கொள்கிறது. பி.எக்ஸ்.ஓ. 99ஏ என்ற ஒரு பிலிப்பைன்ஸ் வகையிடம் மட்டும் 19 டால் மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று. டால் எஃபெக்டர்களைக் கண்டு எதிர்க்கும் எக்ஸ்ஏ1 என்ற மரபணுவை ஏமாற்றவே, வெட்டிக் குறைத்த டால் புரதங்களைச் சில பாக்டீரியா வைத்திருப்பது 2016-இல் தெரியவந்தது.

எக்ஸ்ஏ4 தோற்றுப்போனது என்று முடித்துவிடக் கூடாது. 2017-இல் சீனத்து வூஹானில் அந்த மரபணுவைப் பிரித்தபோதுதான் அது என்ன செய்கிறது என்று தெரிந்தது. செல் சுவரோடு இணைந்த ஒரு கைனேஸ் புரதத்தை அது உண்டாக்குகிறது. செல்லுலோஸ் உற்பத்தி கூடுகிறது, சுவர் தளர்வது குறைகிறது. பயிரின் உயரம் சற்றுக் குறைந்து தண்டு உறுதியாகிறது. நோயை எதிர்க்காத இடத்திலும் சாயாமல் நிற்க உதவும் குணம். இத்தனை ரகங்களில் அது நிலைத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

இந்த விளையாட்டு நெல்லின் இலைக்கருகலோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில் ஹெரால்டு ஃப்ளோர் 1940-களில் ஆளிச் செடியின் துரு நோயை ஆராய்ந்து, செடியின் ஒரு மரபணுவுக்குக் கிருமியின் ஒரு மரபணு ஜோடி என்று சொன்னார். அவர் சொன்ன கிருமி மரபணுக்களில் பல, எஃபெக்டர்களை உண்டாக்குபவை என்று அரை நூற்றாண்டுக்குப் பிறகு தெரிந்தது. முட்டைக்கோஸைக் கருக்கும் சாந்தோமோனாஸ் அனுப்பும் அவ்ர்ஏசி என்ற எஃபெக்டர், செடியின் எதிர்ப்புக் கைனேஸ்களை முடக்கும். அந்தக் கைனேஸ்களைப் போன்ற தோற்றத்தில் வேறொரு புரதத்தைச் செடி வைத்திருக்கிறது; எஃபெக்டர் தவறிப்போய் அதைத் தொட்டால், ஜார்1 என்ற புரதம் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து செல் சவ்வில் ஒரு துளையை உண்டாக்கி எதிர்ப்பைத் தொடங்கும். 2019-இல் சீன ஆய்வாளர்கள் இதன் வடிவத்தைப் படமெடுத்தார்கள்.

நெல்லின் குலை நோய்க்கு நமக்குச் சொந்தமான ஒரு கதை இருக்கிறது. நூறாண்டுக்கு முன்பே தஞ்சை டெல்டாவில் அது பெரிய சேதம் செய்தது. ஆடுதுறையில் தேர்ந்தெடுத்த குறங்குச் சம்பா அதில் படுத்துவிடும். கோவையின் கோ 4, அதாவது ஆனைக்கொம்பன், தாங்கும். இரண்டையும் சேர்த்துக் கோ 25, கோ 26 என்ற ரகங்களைக் கோவையில் எடுத்தார்கள். மரபணு எது, புரதம் எது என்று எதுவும் தெரியாத நாளில், நோய்க்கென்றே திட்டமிட்டு நம்மவர்கள் செய்த இனச் சேர்க்கை அது. பின்னால் அதே கோவையில் வந்த கோ 39, குலை நோய்க்கு மிக எளிதில் இரையாகும். அதனாலேயே உலகத்து ஆய்வகங்கள் ஒப்பீட்டுக்கு அதை வளர்க்கின்றன. வேடிக்கை என்னவென்றால், கோ 39-இடமும் ஓர் உணரும் புரதம் இருக்கிறது. 2013-இல் அதை விளக்கினார்கள். குலை நோய்ப் பூஞ்சையின் அவ்ர்1-கோ39 என்ற எஃபெக்டரை அது நேரடியாகப் பிடிக்கும். ஆனால் நெல்லைத் தாக்கும் பூஞ்சை வகைகளில் பெரும்பாலானவற்றில் அந்த எஃபெக்டரே இல்லை; வேறு புற்களைத் தாக்கும் வகைகளில்தான் இருக்கிறது. கோவை நெல்லின் பெயரைத் தாங்கிய அந்தப் பூஞ்சைப் புரதத்தை இன்று பல நாடுகளில் படிக்கிறார்கள்.

விவசாயிகள் என்னைப் பார்த்து, இதெல்லாம் சரி, என்ன தெளிக்கலாம் என்று கேட்பீர்கள். இலைக்கருகலுக்குத் தெளிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கிருமி குழாய்க்குள் இருக்கிறது. மேலே விழும் மருந்து அங்கே சரிவரப் போவதில்லை. ஸ்ட்ரெப்டோசைக்ளின் கடையில் கிடைத்ததே தவறு என்பது என் கருத்து. மனிதனுக்கு வேண்டிய மருந்தை வயலில் கொட்டக் கூடாது. பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் 20 சதவீதப் புதுச் சாணக் கரைசல் ஆரம்ப நிலையில் உதவும்; இரண்டு முறை தெளிக்க வேண்டும். அதைவிட, நாற்று நுனியைக் கிள்ளாதீர்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள், பொட்டாஷை மறந்துவிடாதீர்கள். நோய் கண்ட வயல் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குப் பாய்ச்சாதீர்கள். மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி விதை கிடைத்தால் பாபட்லாவுக்குப் பதில் அதைப் போட்டுப் பாருங்கள். அரிசி அதே குணம்தான்.

இனி வருவது வேறு மாதிரி. 2019-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, ஸ்வீட்11, 13, 14 மூன்றின் முன்னாலும் பாக்டீரியா தேடும் வாசகத்தை மரபணுத் திருத்தம் மூலம் மாற்றிய நெல் வரிசைகளை வெளியிட்டார்கள். ஒரே செடியில் மூன்று சீட்டும் செல்லாது. இந்தியாவில் 2022 மார்ச்சில் வேறு உயிரியின் டி.என்.ஏ. சேராத சில வகைத் திருத்தங்களுக்கு விதிகளைத் தளர்த்தினார்கள். 2025 மே மாதம் இரண்டு திருத்தப்பட்ட நெல் ரகங்களை அரசு அறிவித்தது; அதில் கமலா என்ற டி.ஆர்.ஆர். தான் 100, நம் சம்பா மசூரியிலிருந்து வந்தது. அது விளைச்சலுக்கான திருத்தம், இலைக்கருகலுக்கானது இல்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது.

ஆனால் எந்த வாசகத்தைத் திருத்துவது என்பது, இந்த வயலில் இருக்கும் பாக்டீரியா எந்தச் சீட்டை வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டாக்கில் எடுத்த கிருமியை வைத்துப் பொன்னேரிக்கு முடிவு செய்ய முடியாது. ஆரணியாற்றுப் பாசனத்தில் ஒன்று இருக்கலாம், பூண்டிப் பக்கம் வேறொன்று. ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். முன்பு சொல்லாமல் வைத்த விஷயம் இதுதான். அன்று பூச்சிக்கென்று பார்த்த திரூர் நெல்லில் நோய்க்கு மரபணு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பிலிப்பைன்ஸில் இருந்தார்கள். இனி வயல் இங்கே, கணக்கு அங்கே என்று இருக்க வேண்டியதில்லை.

இங்கே இருக்கும் கல்லூரி உயிரியல் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சம்பாப் பயிர் தூர் கட்டும் நேரத்தில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் உங்கள் ஊர் வயலில் கருகல் கண்டால், விவசாயியிடம் கேட்டுக்கொண்டு, டம்ளர் சோதனை செய்து, கருகலும் பச்சையும் சேர்ந்த பகுதியில் ஐந்தாறு இலை எடுங்கள். செய்தித்தாளில் சுற்றி நிழலில் உலர்த்துங்கள். பாலித்தீன் பையில் போட்டால் புழுங்கி வேறு பூஞ்சை ஏறிவிடும். உறையின் மேல் ஊர், தேதி, ரகம், கடைசியாக யூரியா போட்ட நாள், நாற்றைக் கிள்ளினார்களா என்று எழுதுங்கள். திரூருக்குப் பஸ் இருக்கிறது.